சி.சுப்ரமணியம் காலத்து கோதுமை ஃபைல் ஆஸ்டின்ல இருக்கு, அப்ளை பண்ணுங்கப்பா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வரலாறு பிஎச்டி பண்ற பசங்ககிட்ட அமெரிக்க ஜனாதிபதி லைப்ரரிகள் (அந்தந்த ஜனாதிபதி காலத்து அரசு ஃபைல்களை வெச்சிருக்கற காப்பகங்கள்) தர்ற ஆராய்ச்சி கிராண்ட் பத்தி பேச்செடுத்தா, அதெல்லாம் அந்த ஊர்க்காரங்களுக்குதானே சார்னு ஒதுங்கிடறாங்க. அங்க போய் ஃபைல் பாக்க எந்த நாட்டுக்காரரும் போகலாம், கிராண்ட்லயும் எல்லாத்துக்கும் சிட்டிசன்ஷிப் கேக்கறதில்ல, விதியை ஒருதடவை படிச்சு பாத்தா போதும்.

நம்ம ஊர் சங்கதியே அங்க கிடக்கு. 1965-67 பஞ்ச சமயத்துல பி.எல்.480ங்கற அமெரிக்க உணவு உதவிச் சட்டப்படி வந்த கோதுமையை அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் மொத்தமா தராம கொஞ்சம் கொஞ்சமா அவிழ்த்து விட்டாரு, நம்ம பொள்ளாச்சிக்காரர் சி.சுப்ரமணியம் உணவு மந்திரியா 1965 நவம்பர்ல ரோம்ல அமெரிக்க விவசாய மந்திரி ஃப்ரீமேனோட ஒப்பந்தம் போட்டாரு, இதுக்கெல்லாம் வெள்ளை மாளிகை பக்கத்து பேப்பர் டெக்சாஸ் ஆஸ்டின்ல ஜான்சன் லைப்ரரில இருக்கு. 1962ல ராஜாஜி அணுகுண்டு சோதனைய நிறுத்தச் சொல்லி கென்னடிய நேர்ல பாத்தாரே, அத தேடறவங்க பாஸ்டன்ல இருக்கற கென்னடி லைப்ரரிக்கு போகணும்.

அப்ளிகேஷன்ல பசங்க கோட்டை விடற இடம் ஒண்ணுதான். 'இந்திய அமெரிக்க உறவுகள்'னு பொத்தாம்பொதுவா எழுதினா எவன் காசு தருவான்? ஃபைல் பட்டியல் அந்தந்த லைப்ரரி வெப்சைட்லயே ஃப்ரீயா இருக்கு, அத பாத்து எந்த கலெக்‌ஷன், எந்த பாக்ஸ், எதுக்குன்னு எழுதணும், அனுப்பறதுக்கு முன்னாடி அங்க இருக்கற ஆர்க்கிவிஸ்டுக்கு ஒரு மெயில் போட்டுடணும், தயங்காம கேக்கலாம், அவங்க வேலையே அதுதான். ரகசியம்னு எடுத்து வெச்ச பேப்பருக்கு பதிலா ஃபோல்டர்ல ஒரு தாள் இருக்கும், என்ன தேதி, என்ன மாதிரி டாக்குமென்ட்னு போட்டிருக்கும், அத வெச்சு மறுபரிசீலனை கேட்டு மனு போடலாம், அதுக்கு வருஷக்கணக்கா ஆகலாம்ங்கறது வேற விஷயம். உள்ள பேனாவுக்கு தடா, பென்சில்தான். ஃப்ளாஷ் இல்லாம போட்டோ எடுத்துக்கலாம்.

லைப்ரரிய நடத்தறது அமெரிக்க அரசோட தேசிய ஆவணக் காப்பகம், கிராண்ட் காசு பெரும்பாலும் கூட இருக்கற தனியார் ஃபவுண்டேஷன் தர்றது, அதுவும் பெருசா இல்ல, இங்கிருந்து போக வர டிக்கெட்டுக்கே பாதி கரைஞ்சிடும். மிச்சத்துக்கு ஒரு ஸ்காலர் வீட்டு நகைய அடகு வெக்கவா முடியும்? கிராண்ட் லெட்டர் கைல வாங்கிட்டு வர்ற மாணவருக்கு விமான டிக்கெட்ட மட்டுமாவது நம்ம உயர்கல்வித் துறை முன்பணமா குடுக்கணும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பொள்ளாச்சி