ஆலயத் திருப்பணி நிறைவு: பங்கு மக்களுக்குத் திருப்பணிக் கமிட்டியின் கணக்கும் நன்றியும்

அன்பான பங்கு மக்களுக்கு, இயேசுவுக்கே புகழ்.

ஆயர், பீடத்திலும் சுவரின் பன்னிரண்டு சிலுவைகளிலும் கிறிஸ்மா என்னும் புனிதத் தைலம் பூசி ஆலயத்தை அர்ச்சித்துவிட்டார். அதன்பின் கமிட்டிக்காரர் எங்கே நின்றாலும் இரண்டு கேள்விகள் வருகின்றன. எஸ்டிமேட்டைவிட 26 லட்சம் ரூபாய் ஏன் கூடியது? பெரிய தொகை தந்தவர்கள் உட்கார்ந்திருக்க, சட்டி சுமந்தவர்களுக்கு முதலில் பொன்னாடை போர்த்தியது என்ன முறை? இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டுவதால் சேர்த்தே பதில் எழுதுகிறோம்.

அஸ்திவாரம், சுவர், பூச்சு, தரை, மின்வேலை, ஒலிபெருக்கி ஆகியவை பேசிய தொகைக்குள் முடிந்தன. பீடமும் ஞானஸ்நானத் தொட்டியும் மயிலாடிக் கல்வேலை. தச்சர்கள் சொன்ன நாளில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கூரை அப்படி முடியவில்லை.

முதல் கான்ட்ராக்டர் சாமானும் கூலியும் சேர்த்து எடுத்தவர். மே மாதம் கூரைக்குக் கம்பி கட்டி முடித்தார். மறுவாரமே ஆட்களை வேறொரு வேலைக்குக் கூட்டிப்போனார். ஜூன் பிறந்தது, தென்மேற்குப் பருவமழை இறங்கியது. கடலிலிருந்து அடிக்கும் உப்புக்காற்றில் அத்தனை கம்பியும் திறந்தே கிடந்தது. திரும்பி வந்தவர், பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு வார்த்துவிடலாம் என்றார். லேசான துரு என்றால் நாங்களும் சரி என்றிருப்போம். இது கையில் செதில் செதிலாக உதிர்ந்த துரு. பழைய ஆலயம் எதனால் போனது என்று எல்லோருக்கும் தெரியும்: உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, காங்கிரீட்டைப் பிளந்து, பூசை நேரத்தில் துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. அதே நோயைப் புதுக் கூரைக்குள் வைத்து மூட மாட்டோம் என்று நிறுத்தினோம்.

அப்போதுதான் தண்ணீர் விவகாரமும் வெளியே வந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நம் பங்கின் என்ஜினியர் ஒருவர், பின்பக்கக் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. நம் கிணறு அதைத் தாண்டியிருந்தது. முகமண்டபத்தின் இரண்டு தூண்கள் அந்தத் தண்ணீரில்தான் வார்க்கப்பட்டிருந்தன. அவற்றை இடித்தோம். நன்றாக நின்ற தூணைக் கமிட்டி இடித்தது என்று பேசியவர்கள், அந்தப் பரிசோதனைத் தாளைப் பங்கு அலுவலகத்தில் வாங்கிப் படிக்கலாம்.

கான்ட்ராக்டர் இதை ஏற்கவில்லை. கமிட்டி கமிஷன் கேட்டது, கொடுக்காததால் குற்றம் சொல்கிறது என்று வலை பின்னும் கூடம் வரை போய்ச் சொன்னார். எங்கள் வீட்டுப் பெண்கள் சந்தையில் அதைக் கேட்க நேர்ந்தது. அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை. ஒருவரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை என்பதை இங்கே எழுதிக் கையெழுத்திடுகிறோம். பங்குத்தந்தை முன்னிலையில் வேலையை அளந்து, ஒழுங்காகச் செய்ததற்கு மட்டும் பணம் கொடுத்துக் கணக்கை முடித்தோம். அதன் பின்னும் சென்ட்ரிங் பலகையை எடுத்துப்போக அவர் வரவில்லை. புதிய பலகைக்கு வாடகை ஓடியது. கேஸ் போட்டிருக்க வேண்டும் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். போட்டிருந்தால் தீர்ப்பு வரும்வரை அந்தக் கம்பியைத் தொட்டிருக்க முடியாது, நாம் ஓலைக்கொட்டகையிலேயே பூசை கண்டுகொண்டிருப்போம்.

கூடிய 26 லட்சத்தில் 9 லட்சம் இதற்கு: புதுக் கம்பி, தூண் இடிப்பு, இரட்டை சென்ட்ரிங். லாரித் தண்ணீர் 3 லட்சம். மீதி 14 லட்சம் சிமெண்ட், கம்பி, எம்சாண்ட் விலையேற்றம்.

அத்துடன் நின்றதற்குக் காரணம் நம் ஊர் ஆட்கள். கான்ட்ராக்டர் போனபின் கொத்தனாருக்கு மட்டும் கூலி, கையாள் வேலை முழுவதும் ஊர் செய்வது என்று தீர்மானித்தோம். நம் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். குளச்சலிலும் முட்டத்திலும் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க, விசைப்படகில் போகிறவர்கள் வீட்டில் இருந்தார்கள். வருமானம் இல்லாத மாதங்கள் அவை. வெளியே கையாளாகப் போனால் கூலி கிடைக்கும், வீட்டுக்கு அரிசி வாங்கலாம். போகாமல் இங்கே வந்து ஜல்லி அள்ளினார்கள். இதை எந்த ரசீதில் எழுதுவது?

கடற்கரைக் கட்டடத்துக்குக் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடல் வேண்டும் என்றதும், அந்தக் கனத்தில் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் துண்டுகள் அனைத்தையும் பாலர் சபைப் பிள்ளைகள் வார்த்துக் கொடுத்தார்கள். வார்ப்பு நாளன்று காலைப் பூசை முடிந்ததும் வரிசை நின்றது. ஆணும் பெண்ணுமாகச் சட்டி கைமாறி ஏறியது. மதியத்துக்குமேல் மழை கறுத்துக்கொண்டு வந்தபோது, யாரும் கேட்காமலே படகுகளிலிருந்த தார்ப்பாய்களை இளைஞர்கள் ஓடிப்போய்க் கொண்டுவந்து கூரைமேல் பிடித்து நின்றார்கள். மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும் அன்பியங்கள் (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள்) ஆக்கிப் போட்டன. மறுநாள் முதல் பாத்தி கட்டி, சாக்கு நனைத்து, முறைவைத்துத் தண்ணீர் ஊற்றியவர்கள் தாய்மார்கள். மழை விட்டு வெயில் சுட்ட நாட்களில் இரவிலும் ஏறிப் பார்த்தார்கள். சீலிங்கில் இன்று ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பெருமை அவர்களுடையது.

பணம் தந்தவர்களை நாங்கள் குறைத்து வைக்கவில்லை. கத்தார், குவைத், பஹ்ரைன், சவுதியில் இருக்கும் பிள்ளைகள், விசைப்படகு உரிமையாளர்கள், வள்ளக்காரர்கள், வலைக்கடைக்காரர்கள், ஐஸ் கம்பெனிக்காரர்கள், ஆசிரியர்கள், மரியாயின் சேனை, மகளிர் சுயஉதவிக் குழுக்கள், வெளியூரில் வாக்கப்பட்ட நம் பெண்கள், தலைச்சுமையாக மீன் விற்கும் அம்மாமார்கள், பக்கத்து ஊர் இந்து, இஸ்லாமியச் சகோதரர்கள், ஒக்கி புயலில் ஆளைப் பறிகொடுத்தும் ஆண்டு வரியோடு திருப்பணிக்கும் தந்த குடும்பங்கள்: எல்லோர் பெயரும் முகமண்டபக் கல்லில் இருக்கிறது. கொடுத்த தொகைக்கு ரசீதும் இருக்கிறது. உழைத்தவர்களுக்கு இருந்தது மகளிர் குழு எழுதிவந்த ஒரு வருகை நோட்டு மட்டும். அதனால் அந்த நோட்டைப் பார்த்து அவர்களை முதலில் அழைத்தோம். மேடைக்கு வந்தவர்களில் பக்கத்து ஊரிலிருந்து தினமும் வந்து மரவேலை பார்த்த ஆசாரியும் உண்டு. கதவு முழுவதும் அவர் கைவேலை, கூலி வாங்க மறுத்துவிட்டார். இந்த வரிசையைக் கமிட்டி மாற்றி யோசிக்கப்போவதில்லை.

தணிக்கை செய்த வரவு செலவு, பில்கள், அளவுப் புத்தகம் மூன்றும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பங்கு அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். மீதமுள்ள கடன் 6 லட்சம். மீன் குத்தகைப் பணத்தில் அடைக்க ஊர்க்கூட்டம் ஒத்துக்கொண்டுள்ளது. உழைத்தவர்களின் பெயர்ப்பலகை இன்னும் வெட்டி முடியவில்லை. நோட்டில் பெயர் விடுபட்டவர்கள், வீட்டுப்பெயரோடு தங்கள் அன்பியத் தலைவரிடம் இம்மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுங்கள். பாலர் சபைப் பிள்ளைகளின் பெயரும் அதில் வரவேண்டும், பெற்றோர் மறக்க வேண்டாம்.

திருப்பணிக் கமிட்டிக்காக,
செயலாளர்