ஏழுக்கு நான்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளியுறவுக் கோட்பாடுகள் பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையைப் படித்தேன். அதிகாரச் சமநிலை, தேச நலன் எல்லாம் சரி. ஆனால் அதில் நாடுகள்தான் வருகின்றன, ஆட்களைக் காணோம்.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன இந்தியத் தமிழரின் வழிவந்து, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. ஏழுக்கு நான்கு. 15 ஆண்டுக்குள் முடிக்க வேண்டுமாம். மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974-இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. சீனப் போர் முடிந்த கையோடு அண்டை நாட்டைப் பகைக்க டெல்லிக்கு மனமில்லை என்று விளக்கம் சொல்வார்கள். இருக்கட்டும். அந்த மக்களை யார் கேட்டார்கள்?

என் அம்மா இலங்கை மலையகத்து அட்டனில் பிறந்தவர், அந்த ஏழில் ஒருத்தி. ராமேசுவரத்தில் கப்பலிறங்கி, ஒரு தகரப்பெட்டியோடு ஏற்காடு காபித் தோட்டத்துக்கு வந்தார். கொழுந்து பறித்த கைக்குக் காபிப் பழம் பழக ஒரு பருவம் ஆனது. அங்கே 'இந்தியாக்காரி', இங்கே 'சிலோன்காரி'. காபிக்காட்டிலேயே காலம் போனாலும், கடைசிவரை வெல்லம் கடித்துக்கொண்டு பிளேன் டீதான் குடித்தார்.

அடுத்த கட்டுரையில் இந்த ஒப்பந்தத்துக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாகலூர், ஏற்காடு.