மாரி இறுகுமுன் அந்தக் குளக்கட்டை வந்து பாருங்கள்

எங்கள் பிரதேசத்தில் காணிக்கும் குளங்களுக்கும் அனர்த்தப் பாதுகாப்புக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்தக் கட்டைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் கிராமத்துக்கு மேலே, தனியார் தோட்டக் காணிக்குள், ஓடையை மறித்து மண்ணால் போட்ட கட்டு. விடுமுறைக்கு வருகிறவர்கள் படகு ஓடவும் கரையில் சமைத்துச் சாப்பிடவும் உண்டாக்கிய குளம். எங்கள் கடிதங்களும் படங்களும் உங்கள் கோவைகளில் இருக்கின்றன. அதனால் போன கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஐப்பசியின் முதல் பெருமழைக்கே கட்டின் வெளிச்சரிவில், அடிப்பக்கமாக, தண்ணீர் ஊறி வரத் தொடங்கிவிட்டது. மண்கட்டு என்றால் கொஞ்சம் கசியும், அது எங்கள் கமக்காரர்களுக்குத் தெரியும். தெளிந்த நீராக வந்தால் கவனித்துக்கொண்டு இருக்கலாம். இது கலங்கி வருகிறது. கலங்கல் வந்தால் கட்டின் உள்மண் அரித்துக்கொண்டு போகிறது. அந்த அரிப்பு உள்ளே துளையாகி, நீர்ப்பக்கத்தை எட்டிவிட்டால் பிறகு யாராலும் மறிக்க முடியாது. கசிவு வருகிற இடத்தையும் பாருங்கள்: தண்ணீர் திறந்துவிடப் பதித்த பிவிசி குழாய் கட்டுக்கு வெளியே வரும் இடம். குழாயைச் சுற்றி மண்ணை இறுக்கி அடிக்காவிட்டால் நீர் அதை ஒட்டியே வழி எடுக்கும்.

மற்றது வான், குளம் நிரம்பினால் மிச்ச நீர் வெளியே போகும் வழி. அதன் வாயில் மணல் மூடைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நீர் உயர்ந்து நின்றால்தான் படகு தரை தட்டாதாம். மேலதிக வெள்ளம் கட்டைத் தொடாமல் போவதற்குத்தான் வான் வைப்பது. அதை அடைத்தால் வெள்ளம் கட்டுக்கு மேலால் வழியும், வெறும் மண்கட்டு அதை ஓர் இரவுக்குக்கூடத் தாங்காது. இப்போது நீருக்கும் கட்டின் தலைக்கும் இடையே ஒரு முழம்தான் இருக்கிறது. கார்த்திகையும் மார்கழியும் இன்னும் வரவில்லை.

கீழே வாய்க்கால் ஓரம் இருக்கும் குடும்பங்களின் நிலை இதுதான். வானம் இருட்டினால் பெண்கள் முதலில் காணிப் பேமிற், பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி வீட்டு வளையில் கட்டுகிறார்கள். 2009இல் போரின்போது எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்கள். ஒவ்வொரு பத்திரத்தையும் திரும்ப எடுக்க எத்தனை கந்தோர் வாசலில் நின்றார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஒரு வீட்டில் நடக்க ஏலாத மாமியார் இருக்கிறார். மழை நாட்களில் பொழுதுபடுமுன் மருமகள் அவரை மோட்டார் சைக்கிளில் இருத்தி, தன்னோடு துணியால் கட்டிக்கொண்டு போய், மேட்டில் உள்ள உறவினர் வீட்டில் விடுகிறார். விடிந்ததும் கூட்டி வருகிறார். "என்னை இங்கயே விடு பிள்ளை, எத்தனை தரம்தான் இடம்பெயருறது" என்று அந்த அம்மா அழுகிறார். மகன் ரோச் லைற்றோடு கட்டைப் பார்க்கப் போனால், தனியார் காணி என்று படலையில் காவலாளி மறிக்கிறார். எந்தக் கட்டுக்குப் பயந்து தாயை ஊர் மாற்றுகிறாரோ அந்தக் கட்டைப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை.

நாங்கள் கேட்பது இதுதான்: நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர் நேரில் வந்து கட்டைப் பார்க்க வேண்டும். அதுவரை மூடைகளை எடுத்து நீர்மட்டத்தைக் குறைத்து வைக்க வேண்டும்.

ஓர் அலுவலகம், தனியார் காணிக்குள் தலையிட முடியாது என்கிறது. இன்னொன்று, விவசாயக் குளம் இல்லை, பதிவிலும் இல்லை என்கிறது. மூன்றாவது, ஏதும் நடந்தால் உடனே வருவோம் என்கிறது. கட்டு தனியாருடையது, சரி. உடைத்துக்கொண்டு வரும் தண்ணீர் அவருடைய வேலியோடு நின்றுவிடுமா?

சின்னக் குளம்தானே என்று சொல்லாதீர்கள். 2 ஏக்கரில் சராசரி 6 அடி நீர் நின்றால் அதன் நிறை ஏறத்தாழ 15,000 தொன். அதோடு வன்னியின் குளங்கள் ஒன்றன் வான்நீர் அடுத்ததற்குப் போகும்படி தொடராக அமைந்தவை. மேலே உள்ளது உடைந்தால் கீழே இருக்கும் எங்கள் சிறுகுளமும் சேர்ந்து உடைப்பெடுக்கும், அதன் கீழ் விதைத்த வயலும் போய்விடும். கந்தளாய் 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைத்தபோது நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது அரசு பராமரித்த பெருங்குளம், மாரிகாலமும் இல்லை. இங்கே பராமரிப்பார் யாரென்றே தெரியவில்லை.

2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. அப்போது உலர் உணவும் பாயும் வந்தன, நன்றி. வெள்ளம் வடிந்த பிறகு பாய் கொடுக்க ஆட்களும் வாகனமும் கிடைக்கின்றன. வெள்ளம் வருமுன் ஒரு பொறியியலாளரை அனுப்ப மட்டும் ஏன் எப்போதும் வாகனம் இல்லை? எங்கள் சனம் வருடா வருடம் மாரிக்கு முன் சிரமதானம் போட்டு, சொந்தக் குளக்கட்டில் பற்றை வெட்டி, எலிவளையும் கறையான் புற்றும் பார்த்து அடைக்கிறது. அதே கவனத்தைப் பணம் உள்ள ஒருவரிடம் கேட்க உங்களுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளரோடு எங்களுக்குப் பகை இல்லை. அவருடைய குளம் இருக்கட்டும், பிள்ளைகள் படகும் ஓடட்டும். ஆனால் கட்டு பாதுகாப்பானது என்று பொறுப்பான ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைக்கட்டும். நீரைக் குறைக்கும்போதும் அவசரப்பட வேண்டாம். ஒரேயடியாக இறக்கினால் ஊறிய உட்சரிவு சரிந்துவிடும், அதையும் பொறியியலாளர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

தயவுசெய்து இந்தக் கிழமைக்குள் ஒருவரை அனுப்புங்கள். அவர் வரும் நாளை கிராம அலுவலரிடம் சொல்லுங்கள், படலையைத் திறந்துவைக்க உரிமையாளருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். கமக்கார அமைப்பிலிருந்து நாங்கள் வந்து கசியும் இடத்தைக் காட்டுவோம்.

இப்படிக்கு,
கட்டுக்குக் கீழே வசிக்கும் குடும்பங்களின் சார்பில்,
ஒரு கமக்காரர்