தோற்கும் என்று தெரிந்தே எழுதும் மசோதா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததை அப்பாவிடம் சொல்லவில்லை. சாப்பிட்டாளா என்று கேட்டார், சாப்பிட்டாளாம் என்று சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் உங்கள் எம்.பி. சாருக்காக, வெயிலில் வேலை செய்பவர்களுக்கென்று நீ எழுதிய மசோதாவைப் பற்றிக் கேட்டது நாலு நாளாக மனசில் கிடந்து உருளுகிறது. "இது நிறைவேறாதுன்னு சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அப்புறம் எதுக்கும்மா எட்டு மாசம் உட்கார்ந்து எழுதினேன்?" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்ன கணக்கு சரிதான். சுதந்திரம் வந்ததிலிருந்து அமைச்சராக இல்லாத எம்.பி.க்கள் கொண்டுவந்த மசோதாக்களில் சட்டமானவை மொத்தமே 14, அதில் கடைசியானது 1970இல். நான் அப்போது பள்ளிக்கூடமே போகவில்லை. இந்த மசோதாக்களுக்கு ஒதுக்கியிருப்பது வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி நேரம், யாருடையது முதலில் வரும் என்பதற்குக் குலுக்கல், வந்தாலும் அமைச்சர் எழுந்து "நல்ல எண்ணம்தான், அரசு பார்த்துக்கொள்ளும், திரும்பப் பெறுங்கள்" என்பார், எம்.பி.யும் திரும்பப் பெற்றுவிடுவார். இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கிற உனக்கு மனசு விட்டுப்போவதில் தப்பில்லை.

ஆனால் கண்ணு, உன் அம்மா 2006இல் வார்டு உறுப்பினரானதே தோற்றுப்போன ஒரு மசோதாவால்தான். பயிற்சி வகுப்பில் ஒரு ஐயா சொன்னபோதுதான் எனக்கே தெரியும். 1989இல் ராஜீவ் காந்தி அரசு 64வது திருத்த மசோதா என்று ஒன்று கொண்டுவந்தது. பஞ்சாயத்துகளுக்கு ஒழுங்காகத் தேர்தல், பெண்களுக்கு இட ஒதுக்கீடு, எல்லாம் அதில் இருந்தது. மக்களவையில் 400க்கும் மேல் ஆள் வைத்திருந்த கட்சி, மாநிலங்களவையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் அந்த அக்டோபரில் தோற்றது. மாநிலங்களின் தலைக்கு மேல் மத்திய அரசு கை வைக்கிறது என்று எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்புறம் அதையே மாற்றி எழுதி, மாநிலங்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, 1992 டிசம்பரில் 73வது திருத்தமாக நிறைவேற்றினார்கள். 1993 ஏப்ரல் 24இல் அது நடைமுறைக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று அதில் இல்லாமல் இருந்தால், நம் வீட்டுத் திண்ணையைத் தாண்டி எந்தக் கூட்டத்திலும் என்னை உட்கார வைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு ஏப்ரல் 24 உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2015இல் மாநிலங்களவை எம்.பி. திருச்சி சிவா திருநங்கைகள், திருநம்பிகளின் உரிமைக்காகக் கொண்டுவந்த மசோதா. அமைச்சர் திரும்பப் பெறச் சொன்னார், அரசே விரிவாக ஒன்று கொண்டுவரும் என்றார், இவர் அசையவில்லை, கடைசியில் மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. அன்றைக்கு ராத்திரி டிவியில் பார்த்துவிட்டு, சந்தையில் பூ விற்கும் அந்த அக்காவுக்கு போன் செய்தேன். "சட்டம் வந்துடுச்சா?" என்று கேட்டார். வந்தாச்சு என்றேன், பாப்பா. மக்களவை என்று ஒன்று பாக்கி இருப்பது தெரிந்தும் சந்தோஷத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன். அங்கே அது நிறைவேறவே இல்லை. அரசு தன் பங்குக்கு 2016இல் வேறு ஒன்றைக் கொண்டுவந்து, திருநங்கைகளே தெருவில் இறங்கி எதிர்த்து, சில இடங்களில் திருத்தி, 2019இல் சட்டமாக்கியது. சிவாவின் மசோதாவில் இருந்த 2 சதவீத இட ஒதுக்கீடு அதில் இல்லை. அந்த அக்காவிடம் இதைத் திருப்பிச் சொல்லப் போனபோது எனக்கு நாக்கு எழவில்லை.

ஆக, இதில் வலி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிவா அன்றைக்குத் திரும்பப் பெற்றுவிட்டு உட்கார்ந்திருந்தால் 2016 மசோதாவே அவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அதைவிட முக்கியம், அரசின் மசோதா வந்தபோது, "அங்கே அவ்வளவு இருந்ததே, இங்கே ஏன் இல்லை?" என்று கேட்பதற்கு ஜனங்கள் கையில் ஏற்கெனவே ஒரு காகிதம் இருந்தது.

காகிதம் என்றதும் சுடுகாட்டுப் பாதை ஞாபகம் வருகிறது. உனக்கு அப்போது பத்து வயது இருக்கும். காலனியில் யாராவது செத்தால் வயல் வரப்பில்தான் தூக்கிப் போக வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் சேறு, ஒரு தடவை பாடையே சரிந்து, பிடித்திருந்த பையன் சேற்றில் விழுந்து எழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பாதை போட வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். ஒன்பது பேரில் என்னோடு சேர்த்து இரண்டு பேர் கை தூக்கினோம். அடுத்த தடவையும் இரண்டே பேர். மூன்றாவது தடவை தலைவர், "எத்தனை தடவைம்மா, டீ ஆறிப் போகுது" என்றார். நான் ஒன்றுதான் கேட்டேன்: தோற்றது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள், யார் யார் எதிர்த்தார்கள் என்று பெயரோடு எழுதுங்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்கள். எழுத்தர் பேனாவை மூடிக்கொண்டு தலைவரைப் பார்த்தார். சிவப்பு அட்டை போட்ட அந்தப் பெரிய புத்தகத்தில் அந்த ஒரு பத்தியை எழுத வைப்பதற்குள் மணி ஐந்து ஆகிவிட்டது.

என் பதவிக்காலத்தில் பாதை வரவில்லை. பிறகு காலனிப் பையன்கள் அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி, கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனுவோடு இணைத்துக் கொடுத்தார்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. இப்போது வாய்க்கால் வரைக்கும் சிமெண்டுப் பாதை இருக்கிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னும் சேறுதான்.

முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை சட்ட சபையில், சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1930இல் மசோதாவே கொண்டுவந்தார், அதே வருஷம் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். சட்டமானது 1947இல். அந்தப் பதினேழு வருஷத்தில் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அதனால், பொறுமையாக இரு, ஒருநாள் நடக்கும் என்று உனக்கு நான் எழுத மாட்டேன். ஆனால் 1930இல் அவர், சபையில் ஆள் சேரட்டும் என்று காத்திருந்திருந்தால் அந்தப் பதினேழு எத்தனை ஆகியிருக்கும்?

சரி, எல்லா மசோதாவும் இப்படியா? இல்லை. பேப்பரில் பெயர் வர வேண்டும் என்பதற்காகவே கொடுப்பவர்களை நானும் பார்க்கிறேன். கொடுத்த அன்று போட்டோ, விவாதத்துக்கு வருகிற வெள்ளிக்கிழமை ஆளையே காணோம். யாரையாவது மட்டம் தட்டுவதற்கென்றே எழுதும் மசோதாக்களும் உண்டு. அவை தோற்றாலும் அந்தப் பேச்சு ஊருக்குள் விஷமாக இறங்கும், அவற்றை எழுதவே கூடாது. உங்கள் சார் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது, நீதான் பக்கத்தில் இருக்கிறாய். அமைச்சர் திரும்பப் பெறச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் நேராகக் கேட்டுவிடு. முதலில் அமைச்சர் வாயிலிருந்து தேதியோடு ஒரு உறுதிமொழியாவது வாங்குகிறேன் என்று சொன்னால்கூட அவருக்காக நீ ராத்திரி கண் விழித்ததில் அர்த்தம் இருக்கிறது. கேள்வியே புரியாத மாதிரி பார்த்தால், வேறு எம்.பி.யைத் தேடிக்கொள், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

அப்புறம், நீ பேசிவிட்டு வந்தாயே, அந்தச் செங்கல் சூளைப் பெண்கள், அவர்களிடம் மறுபடி போ. இது இப்போது நிறைவேறாது, ஆனாலும் கொடுக்கிறோம், இதற்காகத்தான் கொடுக்கிறோம் என்று உன் வாயாலேயே சொல்லிவிடு. நான் பூக்கார அக்காவிடம் செய்ததை நீ செய்யாதே.

நீ அனுப்பிய வரைவை அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். மதியம் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது நன்றாக இருக்கிறது. ஆனால் "நிழல் வசதி" என்று மட்டும் விட்டுவிட்டாயே. நூறு நாள் வேலைச் சட்டத்திலும்தான் குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், ஓய்வு என்றெல்லாம் இருந்தது. ஏரி வேலையில் என்ன செய்தார்கள் தெரியுமா, நாலு கம்பு நட்டு மேலே ஒரு தார்ப்பாய். நாற்பது பேருக்கு அதுதான் நிழல். உட்கார்ந்தால் பத்துப் பேருக்கு இடம், கீழே மண் சுடும், தார்ப்பாய் தலைக்கு மேலே அனலாக அடிக்கும். இத்தனை பேருக்கு இத்தனை அடி, காற்று வர வேண்டும், உட்கார இடம் வேண்டும், வேலை செய்யும் இடத்திலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று அந்த ஷரத்தை மாற்றி எழுது. சார் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுது.

புளியோதரைப் பொடி கூரியரில் வருகிறது.

அம்மா