படிவத்தை அச்சடிக்கும் முன்

மாப்ளே,

சுகம்தானே? இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. பையன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது நீயும் புத்தகப் பையைத் தூக்குகிறாய் என்று கேள்விப்பட்டதும் வீட்டில் ஒரே சிரிப்பு. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைதான்.

கட்டுமான வேலைகளில் வரும் ரிஸ்க் பற்றி நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். எழுபது ரிஸ்க் காரணிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், ஐம்பது பேரிடம் கேட்டு ஒப்பீட்டு முக்கியத்துவக் குறியீடு (கிடைத்த மொத்த மதிப்பெண்ணை அதிகபட்ச மதிப்பெண்ணால் வகுத்தது) கணக்கிட்டு வரிசைப்படுத்துவது. கோபித்துக்கொள்ளாதே, இதே மாதிரி படிவத்தை நானே நிரப்பியிருக்கிறேன். ஸ்லாப் கான்கிரீட் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மாணவர் வந்து நின்றார், பாவமாக இருந்தது, ஜீப் பானட்டின் மேல் வைத்து மேலிருந்து கீழே எல்லாவற்றுக்கும் 4 போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அந்த 4-ஐயும் அவர் கணக்கில் சேர்த்திருப்பார்.

கணக்கையும் பார். ஐம்பது பேர் என்றால் மொத்த மதிப்பெண்ணை, ஆளுக்கு 5 வீதம், 250-ஆல் வகுக்கப் போகிறாய். ஐந்தே பேர் 3-க்குப் பதில் 4 போட்டால் குறியீடு 0.02 ஏறிவிடும். பாதிக் காரணிகள் 0.74-க்கும் 0.80-க்கும் நடுவில் வந்து நெருக்கியடித்து நிற்கும்போது இந்த 0.02 எட்டாவது இடத்தை மூன்றாவது ஆக்கிவிடும். போதாததற்கு நவம்பரில் கேட்டால் எல்லாரும் மழையைச் சொல்வார்கள், மே மாதம் கேட்டால் ஆள் பற்றாக்குறை என்பார்கள்.

சென்னைப் பக்கம் மௌலிவாக்கம் ஞாபகம் இருக்கிறதா? 2014 ஜூன் 28, மழை கொட்டிய சாயங்காலம், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடியும் இடிந்து 61 பேர் போனார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். முந்தைய நாள் யாராவது அங்கே போய் உன் படிவத்தைக் கொடுத்திருந்தால் 'கட்டமைப்புத் தோல்வி' என்ற வரிக்கு எத்தனை போட்டிருப்பார்கள்? 2 போட்டிருந்தாலே அதிகம்.

அதனால் கேள்வித்தாளைக் கடைசிக்குத் தள்ளு. முதலில் முடிந்துபோன ஏழெட்டு வேலைகளைப் பிடி. அரசு வேலை என்றால் ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர் இருக்கும், என்ன தடையால் எத்தனை நாள் வேலை நின்றது என்று தேதியோடு எழுதியிருப்பார்கள். ஆனால் அதையும் அப்படியே நம்பிவிடாதே. கால நீட்டிப்பு வாங்குவதற்காகவே எழுதப்படுவது அது, எப்போதும் டிராயிங் வரவில்லை, இடம் ஒப்படைக்கவில்லை என்றே இருக்கும், ஒப்பந்ததாரர் கையில் காசில்லை என்று ஒரு வரியும் இருக்காது. சைட் டைரியையும், கான்கிரீட்டின் பலத்தைப் பார்க்கும் க்யூப் டெஸ்ட் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ரிஜிஸ்டரும் இவையும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று தெரியும், உன் ஆய்வு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் ஆட்களிடம் பேசு. "இது எவ்வளவு முக்கியமான ரிஸ்க்?" என்று கேட்காதே. "கடைசியாக வேலை நின்றது எந்த நாள்? நிற்கப் போகிறது என்று யாருக்கு முதலில் தெரிந்தது? அவர் யாரிடம் சொன்னார்?" என்று கேள். உன் பட்டியலில் இன்ஜினியர்களும் ஆலோசகர்களும்தான் இருக்கிறார்கள், கான்கிரீட்டைத் தாங்கப் பலகையும் முட்டும் கொடுக்கிற சென்ட்ரிங் மேஸ்திரி ஒருவர்கூட இல்லை. முட்டு தாங்குமா தாங்காதா என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். கம்பி கட்டுகிறவர்களில் பலர் ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள், கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போ. ஒப்பந்ததாரர் ஆபீஸில் உட்கார வைத்துக் கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள், டீக்கடைதான் சரி, பெயர் எழுதாதே.

இதிலிருந்து வருகிற இருபது காரணிகளை வைத்துப் படிவம் போடு. நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேள்.

உன் கைடு ஐம்பது பேர் கணக்கைத்தான் கேட்பார் என்றால் கொடுத்துவிடு, வேறு வழியில்லை. என் பழைய சைட் டைரிகள் பரண்மேல் கிடக்கின்றன, கரையான் மிச்சம் வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ.

உன் பழைய ரூம்மேட்