முகிலனுக்கு எதற்கு இத்தனை சான்றிதழ்?

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் தேவலை. கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நட என்றால் மட்டும் காது கேட்பதில்லை. தேவகிக்கு மாற்றல் வந்துவிட்டதாம். யாரிடமும் சொல்லாதே என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சரி, விசாரிப்பு முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பையன் முகிலன் கல்லூரியில் எதிலெல்லாம் சேர்ந்திருக்கிறான் என்ற பட்டியல் வந்தது. "ரெண்டாம் வருஷத்துலயே இவ்வளவு பண்ணியிருக்கான், இன்னும் எதுல சேரலாம்னு சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். போனில் பதில் சொன்னால் நீ பாதியிலேயே புகுந்து பேசுவாய், நான் கத்துவேன், கடைசியில் உன் வீட்டுக்காரர் வந்து சமாதானம் செய்ய வேண்டியிருக்கும். எழுதினால் குறுக்கே பேச முடியாதே உன்னால்!

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் என்னையும் உட்கார வைத்தார்கள். வந்த பயோடேட்டாக்களில் பாதிக்கு மேல் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. தலைமைப் பண்பு பற்றி ஒருநாள் பயிலரங்கு, இணையவழி வினாடி வினாவில் பங்கேற்புச் சான்றிதழ், ஏதோ ஒரு மாநாட்டில் 'தன்னார்வலர்', அப்புறம் அந்த 'கேம்பஸ் அம்பாசடர்'. வீட்டுக்கு வந்து உன் பையனின் பட்டியலைத் திறந்தால் அதே வரிசை. வயிற்றைப் பிசைந்தது, கலா.

ஒரு பையன் இரண்டு நிறுவனங்களுக்குக் கேம்பஸ் அம்பாசடராக இருந்திருக்கிறான். என்ன வேலை என்று கேட்டேன். அவர்கள் அனுப்பும் போஸ்டரை வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டும், நண்பர்களைச் செயலியைத் தரவிறக்கச் சொல்ல வேண்டும், இத்தனை பேர் சேர்ந்தால் சான்றிதழ். "சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மறுபடியும் அந்தச் செயலியைத் திறந்தார்கள்?" என்று கேட்டேன். விழித்தான். அது அவனுக்குத் தெரியாது, அவனிடம் யாரும் சொன்னதும் இல்லை. கெட்டிக்காரப் பையன்தான். பேச்சில் நல்ல தெளிவு. ஆனால் ஒரு வருஷம் செய்த வேலையைப் பற்றி மூன்றாவது வாக்கியம் சொல்ல அவனிடம் ஒன்றுமே இல்லை. யாரோ சம்பளம் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டிய விளம்பரத்தை ஒரு காகிதத்தைக் கொடுத்து இவனிடம் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்து ஒரு பெண். அரைப் பக்க பயோடேட்டா. கடைசி வரியில் 'வரைபடத் திருத்தம்' என்று மட்டும் இருந்தது. அது என்னம்மா என்றதும் மடிக்கணினியைத் திறந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் காட்டினாள். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். (2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியபோது அவரே லண்டனில் மாணவர்தான்.) இவளுடைய வகுப்புத் தோழி சக்கர நாற்காலியில் வருபவளாம். கல்லூரியில் எந்த வாசலில் சாய்தளம் இருக்கிறது, எதில் படிக்கட்டு மட்டும் என்று எந்த வரைபடத்திலும் இல்லை. ஒவ்வொரு கட்டடமாகப் போய்ப் பார்த்துக் குறித்திருக்கிறாள். சக்கர நாற்காலி போகும், போகாது, ஓரளவு போகும் என்று குறிக்க அதில் வசதி உண்டு. நூலகத்துக்கு 'போகும்' என்று போட்டுவிட்டாள். முன்பின் தெரியாத ஒருவர் அதற்குக் கீழே கேட்டிருக்கிறார்: "வாசலில் ஒரு படி இருப்பதுபோலத் தெரிகிறதே, உயரம் எவ்வளவு?" இவள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அளந்திருக்கிறாள். ஒரே ஒரு படி, அதுவும் சுமார் 7 செ.மீ.க்குள் என்றால்தான் 'ஓரளவு' என்று போடலாமாம். இது அதைத் தாண்டிவிட்டது. மாற்றினாள். மாற்றிய தேதி, மாற்றியவர் பெயர், அந்தக் கேள்வி, இவள் சொன்ன பதில் எல்லாம் அங்கேயே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அந்தப் படியைப் பற்றியே கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் இருந்தவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவளைத்தான் எடுத்தோம் என்று சொல்லவும் வேண்டுமா?

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். பையன் செய்வதை யாராவது உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா? தப்பாகச் செய்தால் "இது சரியில்லை, திரும்பச் செய்" என்று சொல்ல எதிர்ப்பக்கம் ஆள் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் அது எந்த மூலையில் இருந்தாலும் போகட்டும். இல்லையென்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வீட்டில் படுத்துத் தூங்கலாம், உடம்புக்காவது நல்லது.

இந்தக் கண்ணோடு அவன் பட்டியலைப் பார். விவாத மன்றத்தை விடவே கூடாது. எதிரணியில் இருப்பவன் இவன் சொல்லில் ஓட்டை தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அதைவிடப் பெரிய வாத்தியார் கிடைக்க மாட்டார். நம் 'ஜெனரேட்டர்' சாரே அந்த மேடையில்தான் உன்னிடம் தோற்றார், மறந்துவிட்டாயா? இணையவழிப் படிப்புகள் பரவாயில்லை, பாடம் நல்லதென்றால் படிக்கட்டும். ஆனால் வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, கடைசியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டி வாங்கியதெல்லாம் கணக்கில் சேராது. எது அப்படி வாங்கியது என்று அவனுக்கே தெரியும், கேட்டுப் பார்.

அப்புறம், நாமே பணம் கட்டிச் சேர வேண்டிய அந்த இன்டர்ன்ஷிப். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது. கட்டாதே. வேலை கொடுக்கிறவன் கூலி கொடுப்பான். கூலி இல்லையென்றாலும் கற்றாவது கொடுப்பான். "பதிவுக் கட்டணம், இன்னும் இரண்டே இடம், இன்றே கடைசி" என்பவன் விற்பது வேறு சரக்கு. படிப்போடு வேலையைச் சேர்த்த ஏற்பாடு எப்படித் தொடங்கியது தெரியுமா? 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 27 மாணவர்களை வைத்து ஆரம்பித்தார். ஒரு வாரம் வகுப்பு, அடுத்த வாரம் தொழிற்சாலை, அங்கே செய்த வேலைக்குக் கூலியும் உண்டு. பட்டறையில் மட்டுமே புரிகிற விஷயங்கள் இருக்கின்றன என்பது அவர் கட்சி. இப்போது என்னடா என்றால் வகுப்புக்கும் காசு, பட்டறைக்கும் காசு, பட்டறை எங்கே என்று கேட்டால் ஒரு ஜூம் இணைப்பு.

"எல்லா வாய்ப்பும் கம்ப்யூட்டர் பசங்களுக்குத்தான், இவன் வரலாறு எடுத்துட்டு என்ன பண்ணுவான்" என்று புலம்பியிருந்தாய். கொஞ்சம் நிஜம்தான். திறந்த மூல மென்பொருள்களுக்கு நிரல் எழுத வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-லிருந்து நடக்கிறது, 2022-லிருந்து மாணவர் அல்லாதவர்களும் சேரலாம், ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கான இடம் அது. அவுட்ரீச்சி என்ற இன்டர்ன்ஷிப் திட்டம் கொஞ்சம் மாறுபட்டது. ஆவணங்கள் எழுதுவது, வடிவமைப்பது போன்ற வேலைகளும் அதில் உண்டு. தகுதி விதிகள் இருக்கின்றன, இவனுக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளட்டும். அதில் எனக்குப் பிடித்தது இது: இறுதி விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அந்தத் திட்டத்துக்கு ஏதாவது சிறு வேலை செய்து காட்டியிருக்க வேண்டும். "நான் கடின உழைப்பாளி" என்ற கதையெல்லாம் அங்கே எடுபடாது.

வரலாற்றுப் பையனுக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. விக்கிமூலத்தைப் பார்க்கச் சொல். பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாக எழுத்தில் கொண்டுவருகிறார்கள். இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் பழைய புத்தகத்தின் படம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பில் இருக்கும். ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். இன்னொருவரும் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். ஒரு புத்தகம் முழுக்கப் பச்சையாகும் வரை கூடவே இருந்தான் என்றால், ஒற்றுப்பிழையிலிருந்து பழைய அச்செழுத்து வரை அவனுக்குத் தானாகப் பிடிபடும். அதை எந்த நேர்காணலில் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவான்.

ஜூனிவர்ஸ் என்று இன்னொன்று, ஆய்வாளர்களுக்குப் பொதுமக்கள் கைகொடுக்கும் இணையதளம். 2007-ல் விண்மீன் மண்டலங்களின் படங்களை வகைப்படுத்தப் பொதுமக்களைக் கூப்பிட்டதில் தொடங்கியது. 2010-ல் 'ஓல்டு வெதர்' என்ற திட்டத்தில் முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் நாட்குறிப்புகளைப் படித்து எழுதச் சொன்னார்கள். மாலுமிகள் கையால் குறித்து வைத்த காற்று, வெப்பநிலை, அழுத்தம் எல்லாம் இன்றைய வானிலை ஆய்வாளர்களுக்குத் தேவை. அந்தக் கையெழுத்தைப் படிக்க மனிதக் கண்தான் வேண்டியிருந்தது. ஒரே பக்கத்தைப் பலர் தனித்தனியாகப் படித்து, ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். இப்போதும் அந்தத் தளத்தில் பழைய கையெழுத்துப் படிக்கும் வேலைகள் வருவதுண்டு. வரலாறு படிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சங்கங்களில் சேருவதால் ஆள் பழக்கம் வருமே என்பாய். வரும், அதை நான் மறுக்கவில்லை. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி என்றவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தத் தூரத்து ஆளுக்கு முகிலனைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டாமா? பொறுப்பில் பெயர் மட்டும் போட்டுக்கொண்டு, படம் எடுக்கும்போது பேனரைப் பிடித்தவனை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்றைக்குக் கடைசியாக வந்த பெண்ணின் பயோடேட்டாவில் 'பிற செயல்பாடுகள்' என்ற இடம் காலி. ஏன் எதிலும் சேரவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "சாயங்காலம் வேலைக்குப் போறேன் மேடம், நேரம் இல்லை" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். மருந்துக்கடை. என்ன செய்வாய் என்று கேட்டேன். காலாவதி ஆகப்போகும் மருந்துகளைத் தேதிவாரியாகப் பிரித்து, திருப்பி அனுப்பக்கூடியதை முன்கூட்டியே எடுத்து வைப்பாளாம். முன்பு மாதக் கடைசியில்தான் பார்ப்பார்களாம்; அதற்குள் சிலவற்றின் கெடு தாண்டிவிடும். இவள் ஒரு நோட்டுப் போட்டு அதை வாராவாரம் பார்க்கும்படி மாற்றியிருக்கிறாள். கடைக்காரருக்கு நஷ்டம் குறைந்தது. இதை ஏன் எழுதவில்லை என்றேன். "அது வேலைதானே மேடம்" என்றாள்.

எனக்குப் பேச்சே வரவில்லை. கல்லூரி முடிந்ததும் மன்றத்துக்கும் போட்டிக்கும் போகிறவர்களுக்கு வீட்டில் யாரோ சம்பாதிக்கிறார்கள். அதை யாரும் பயோடேட்டாவில் எழுதுவதில்லை. நாமோ அந்தக் காலி இடத்தைப் பார்த்து ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டாவது இடத்தை அவளுக்குக் கொடுக்கச் சொல்லி நான் போட்ட சண்டை இன்னும் முடியவில்லை. எங்கள் மேலாளர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் நடக்கிறார்.

நீ விடுதி மெஸ் கணக்கைக் கையில் எடுத்தாயே, அதற்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? வார்டன் முகம் ஒன்றுதான் கிடைத்தது!

சரி, முகிலனுக்கு வருவோம். விவாத மன்றமும், விக்கிமூலமோ வேறு எதுவோ ஒன்றும் போதும். மிச்ச நேரத்தில் பாடத்தைப் படிக்கட்டும், கொஞ்சம் சும்மாவும் இருக்கட்டும். பட்டியலை நீளமாக்குகிறவள் நீதான் என்று எனக்கு ஒரு சந்தேகம். கோபித்துக்கொள்ளாதே. தேர்வு நெருங்க நெருங்க அவன் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறான், எதை முதலில் கழற்றிவிடுகிறான் என்று பேசாமல் பார். நான் நூறு வரி எழுதுவதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

அவனையே எனக்கு எழுதச் சொல். நீ சொல்லிக்கொடுத்து எழுத வைக்காதே, முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவேன். வைஸ் பிரசிடென்ட், ஜாயின்ட் செக்ரட்டரி எல்லாம் வேண்டாம். அவன் செய்த ஒரு வேலை, அதில் யாராவது சொன்ன ஒரு குறை, அதற்கு இவன் என்ன செய்தான், அவ்வளவு போதும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்றே எழுதட்டும். எங்கே தொடங்கலாம் என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம்.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு, ஆனால் மெஸ் கணக்கு வரியை மறைத்துக்கொள்.

அன்புடன்,
சுமதி

பி.கு.: தேவகி உன்னைக் கூப்பிட்டால் மாற்றல் செய்தியைப் புதிதாகக் கேட்பதுபோலக் கேள். நான் நடித்துவிட்டேன், இப்போது உன் முறை.