எல்லாம் எழுதியாயிற்று என்கிறாயே

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து எழுந்து நடமாடுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கும் எல்லோரும் நலம். சின்னவனுக்குத் தேர்வு முடிந்துவிட்டது, இனி கொஞ்ச நாளைக்கு வீடு அவன் ராஜ்யம். நலம் விசாரிப்பு இத்தோடு போதும். நான் எழுத உட்கார்ந்ததே உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்குப் பதில் சொல்லத்தான்.

நவீன ஓவியத்தைப் பற்றி எல்லாரும் எல்லாவற்றையும் எழுதியாயிற்று, புதிதாக நான் சொல்ல என்ன இருக்கிறது, புத்தகத்தைப் பாதியில் நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இதை நமக்குத் தெரிந்த அந்தத் தாடிக்காரர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீ சொல்லலாமா? வகுப்பில் எழுந்து நின்று, "சார், அந்த வருஷம் தப்பு" என்று சொன்னவள் நீ. எதையும் கடைசிவரை விடாதவள், இதில் போய் விடுகிறாயாம்.

நீ அனுப்பிய இரண்டு இயல்களையும் மறுபடி படித்தேன். நடை நன்றாக ஓடுகிறது. ஆனால் நீ ஆதாரமாக எடுத்திருப்பவை முக்கால்வாசி சமீப காலத்தில் வந்த பொது வரலாறுகள். அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. ஒரே சம்பவம், ஒரே வரிசை, ஒரே படம். அவற்றை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்துபோன மாதிரிதான் தோன்றும். அந்தந்தக் காலத்தில் அச்சான தாளை எடுத்துப் பார், எதுவும் முடியவில்லை என்று தெரியும். நான் சில காலமாக நூலகத்தில் குடியிருப்பது அதற்காகத்தான். உன்னிடம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

உன் இரண்டாம் இயலில் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்புக்கு மூன்று வரி. ஆண்கள் கழிப்பறைப் பீங்கான் ஒன்றைச் சாய்த்து வைத்து, 'ஆர். மட்' என்று கையெழுத்திட்டு, 'நீரூற்று' என்று பெயர் சூட்டி 1917இல் நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார், மறுத்துவிட்டார்கள். எல்லாப் புத்தகத்திலும் இப்படித்தான் இருக்கிறது, உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்காட்சியை நடத்திய சுயேச்சைக் கலைஞர்கள் சங்கத்துக்கு நடுவர் குழுவே கிடையாது. ஆறு டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் தன் படைப்பை வைக்கலாம் என்பது விதி. அப்படிப்பட்ட இடத்தில் மறுத்தார்கள் என்பதுதான் கதையின் காரம். மறுத்ததற்குச் சான்று? 'தி பிளைண்ட் மேன்' என்று ஒரு சிற்றிதழ், மொத்தமே இரண்டு இதழ்தான் வந்தது. 1917 மே மாதத்து இரண்டாம் இதழைப் பார். அட்டையில் டுஷாம்பின் சாக்லேட் அரைக்கும் எந்திரம். உள்ளே ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த புகைப்படம், எதிர்ப்பக்கத்தில் யார் எழுதியது என்று போடாத ஒரு தலையங்கம், அதை ஒட்டி லூயிஸ் நார்ட்டன் என்ற பெண் எழுத்தாளரின் கட்டுரை. அசல் பீங்கான் தொலைந்துபோயிற்று. இன்று அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பவை பின்னாளில், பெரும்பாலும் 1964இல், டுஷாம்பின் ஒப்புதலோடு செய்த பிரதிகள். ஆக, நூறாண்டு விவாதத்துக்கு அடிப்படை ஒரு மெல்லிய இதழும் அதிலுள்ள ஒரு படமும்.

அந்தப் படத்தை நிதானமாகப் பார், சுமதி. பீங்கானிலிருந்து ஒரு சீட்டு தொங்கும். கண்காட்சிக்கு அனுப்பும் பொருளில் கட்டிவிடுகிற சீட்டு அது. அதிலுள்ள முகவரி லூயிஸ் நார்ட்டனுடையது! இன்னொன்றும் இருக்கிறது. 1917 ஏப்ரல் 11 அன்று டுஷாம்ப் தன் தங்கை சுசானுக்கு ஒரு கடிதம் எழுதினார். என் தோழி ஒருத்தி ஆண் பெயரில் ஒரு பீங்கானைச் சிற்பம் என்று அனுப்பினாள் என்ற பொருளில் அதில் ஒரு வரி வருகிறது. அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தின் ஆய்விதழில் அந்தக் கடிதம் அச்சானது 1982இல். அதாவது 65 ஆண்டு யார் கண்ணிலும் படாமல் ஒரு வரி கிடந்திருக்கிறது. அந்தத் தோழி லூயிஸ் நார்ட்டனா, கவிஞர் எல்சா வான் ஃபிரைடாக்-லோரிங்கோவனா, இல்லை டுஷாம்ப் தங்கையிடமும் ஒளித்து விளையாடினாரா என்று இன்னும் சண்டை நடக்கிறது. எல்சாதான் என்று சொல்பவர்களின் வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. டுஷாம்ப் தனியாகச் செய்யவில்லை என்பதை மட்டும் அந்தச் சீட்டைப் பார்த்தபிறகு நம்புகிறேன். நீ வேறு முடிவுக்கு வரலாம், ஆனால் உன் கண்ணால் பார்த்து வா. ஐயோவா பல்கலைக்கழக நூலகத்தில் தாதா என்ற கலை இயக்கத்துக்கென்று உள்ள ஆவணத் தொகுப்பில் அந்த இதழ் முழுவதும் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். உன் மூன்று வரி அதற்குப்பிறகு மூன்று வரியாக நிற்காது.

இங்கே ஒரு புலம்பலையும் சேர்த்துக்கொள். பழைய கலை இதழ்களை பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துப் போட்டுவிடும் வழக்கம் பல நூலகங்களில் இருந்தது. படிக்கிறவர்களுக்குக் கட்டுரைதான் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். எந்தக் காட்சியகம் எந்த மாதம் யாரைக் காட்டியது, யாருக்கு விளம்பரம் கொடுக்கப் பணம் இருந்தது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. கனமான பைண்டு தொகுதியைத் திறந்து, பக்க எண் தாவுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஒரு நூலகத்தில் கிழித்த பக்கம் இன்னொன்றில் பிழைத்திருக்கும் என்பதால் ஒரு பிரதியோடு நிறுத்தாதே.

சரி, உன் மூன்றாம் இயல். அரூப ஓவியத்தின் தொடக்கம், அதாவது உருவங்களை விட்டு நிறமும் வடிவமும் மட்டுமாக வரைந்த ஓவியத்தின் தொடக்கம், என்று தலைப்பு மட்டும் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு ஓர் ஆசை. பொது வரலாறுகளை மூடிவிட்டு நான்கே நான்கு கண்காட்சி கேட்டலாக்குகளை, அதாவது கண்காட்சியோடு வெளியிடும் விவர நூல்களை, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார். முதலாவது, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1936இல், பொருள்களை வடிவியல் துண்டுகளாக உடைத்து வரையும் க்யூபிசத்துக்கும் அரூபக் கலைக்கும் நடத்திய கண்காட்சியினுடையது. அதன் மேலுறையில், அந்த அருங்காட்சியகத்தின் அன்றைய இயக்குநர் ஆல்ஃபிரட் பார் போட்ட வரைபடம் இருக்கிறது. மேலே 1890, கீழே 1935, நடுவில் அம்பு அம்பாகப் பாய்ந்து எல்லாப் பாணிகளும் கடைசியில் இரண்டு அரூபக் கிளைகளில் வந்து சேரும். நாம் படித்த பாடமெல்லாம் அந்த ஒரு தாளிலிருந்து கிளைத்தது என்றால் அதிகம் சொன்னதாகாது. இரண்டாவது, 1986இல் லாஸ் ஏஞ்சலீஸில் கலையும் ஆன்மிகமும் பற்றி நடந்த கண்காட்சி. மூன்றாவது, அதே நியூயார்க் அருங்காட்சியகம் 2012இல் அரூபக் கலையின் பிறப்பைப் பற்றி நடத்தியது. நான்காவது, நியூயார்க்கிலேயே உள்ள குகன்ஹைம் அருங்காட்சியகம் 2018இல் நடத்தியது.

இந்த நான்கிலும் ஹில்மா ஆஃப் கிளின்ட் என்ற பெயரைத் தேடு. ஸ்வீடனில் 1862இல் பிறந்தவர். 1906இல் தொடங்கி 1915க்குள் ஒரு கோயிலுக்கென்று 193 ஓவியங்கள் வரைந்தார். அரூப ஓவியத்தின் முன்னோடி என்று சொல்லப்படும் ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி கலையில் ஆன்மிகம் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல் வருவதற்கு ஐந்து ஆண்டு முன்னாலேயே தொடங்கிவிட்டார் என்பதை நினைத்துக்கொள். இறந்து 20 ஆண்டு ஆகும்வரை அவற்றைக் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு 1944இல் காலமானார். 1936 வரைபடத்தில் அவருக்கு இடமில்லை, சரி, ஆல்ஃபிரட் பாருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 1986 கேட்டலாக்கில் வருகிறார். 2012இல் மறுபடி இல்லை! 2018இல் குகன்ஹைமின் சுருளாக ஏறும் சுற்றுப்பாதையில் பெரும்பகுதி அவரே. ஒரு பெயர் உள்ளே வருவது, விடுபடுவது, திரும்ப வருவது. கண்காட்சி அமைப்பவர்கள் எதை ஓவிய இயக்கம் என்று எண்ணினார்கள், எதைத் தனிப்பட்ட பக்தி என்று ஒதுக்கினார்கள் என்பதை முன்னுரைகளை ஒப்பிட்டுப் படித்தால் நீயே எழுதிவிடுவாய். இதைத் தமிழில் நான் எங்கும் படித்ததில்லை. அப்புறம் எப்படி எல்லாம் எழுதியாயிற்று?

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1929இல் தொடங்கிய நாளிலிருந்து நடத்திய கண்காட்சிகளின் ஆவணங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. பழைய கேட்டலாக்குகள் பல முழுசாகவே படிக்கக் கிடைக்கின்றன. படைப்புப் பட்டியல், சுவரில் படங்கள் தொங்கிய வரிசையின் புகைப்படம் என்று நிறைய உண்டு. அந்தப் புகைப்படங்களை ஒதுக்காதே, எது எதன் பக்கத்தில் மாட்டப்பட்டது என்பதே ஒரு வாதம்.

தேடுவதில் உனக்குச் சில விஷயம் கைகொடுக்கும். கண்காட்சி கேட்டலாக்கை நூலகப் பட்டியலில் ஓவியர் பெயரில் தேடினால் பல நேரம் அகப்படாது. அதை நடத்திய அருங்காட்சியகத்தின் பெயரில்தான் பதிந்திருப்பார்கள். பெயரின் எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றிப் பார். காண்டின்ஸ்கியும் மாலெவிச்சும் ஜெர்மன் நூல்களில் ஒரு மாதிரி, ஆங்கில நூல்களில் வேறு மாதிரி. ஓர் ஓவியரின் படைப்பு அத்தனையையும் வரிசைப்படுத்திய பெரும்பட்டியல் வந்திருந்தால் முதலில் அதைக் கேள். ஒவ்வொரு படமும் யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது, எங்கெல்லாம் காட்டப்பட்டது என்று அதில் இருக்கும். ஹில்மாவுக்கே ஏழு தொகுதிகள் இருக்கின்றன. முக்கியமாக நூலகரிடம் பேசு. நான் போகும் இடத்தில் உள்ள அம்மையார், எந்த ஆண்டு, யார் நடத்தியது என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு, பட்டியலில் ஒற்றை வரியாக மட்டும் இருந்த ஒரு கோப்பை எடுத்துவந்தார். அழைப்பிதழ், பத்திரிகை நறுக்கு, விலைத்தாள், மடித்த துண்டுப் பிரசுரம். தனித்தனியாகப் பதியப்படாததால் இவற்றை எந்தத் தேடுபொறியும் காட்டாது. கேட்டால்தான் வரும்.

இனி சொல்வதை வேறு மனநிலையில் எழுதுகிறேன். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் தேசியக் கலை நூலகம் இருக்கிறது. அங்கே தட்டச்சு செய்த இரண்டு தொகுதிகள் உள்ளன. 'சீரழிந்த கலை' என்று பெயர் வைத்து, 1937, 1938 ஆண்டுகளில் நாஜி அரசு ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து பறித்துக்கொண்ட 16,000க்கும் மேற்பட்ட படைப்புகளின் பட்டியல் அது. 1942 வாக்கில் அவர்களே தயாரித்தது. ஊர் வாரியாக, அருங்காட்சியகம் வாரியாக, ஓவியர் வாரியாக அகர வரிசையில். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஓர் எழுத்து. விற்றதற்கு ஒன்று, பண்டமாற்றுக்கு ஒன்று, அழித்துவிட்டதற்கு எக்ஸ் குறி. பெர்லினில் முதல் பாதிதான் கிடைத்திருந்தது, மறுபாதி தொலைந்தது என்றே நினைத்திருந்தார்கள். ஹாரி ஃபிஷர் என்ற கலை வணிகரின் மனைவி 1996இல் தன்னிடமிருந்த முழுப் பிரதியையும் அந்த நூலகத்துக்குக் கொடுத்தார். 2014இல் அதை இணையத்திலும் வைத்தார்கள். நான் சில பக்கம்தான் படித்தேன். எக்ஸ், எக்ஸ், எக்ஸ் என்று ஒரு பக்கம் முழுக்க வருகிறது, சுமதி. அவற்றில் பலவற்றுக்கு இன்று ஒரு புகைப்படம்கூட இல்லை, பெயர் மட்டும்தான். அழித்தவர்கள் எழுதிய கணக்கே இன்று தேடுகிறவர்களுக்கு வழிகாட்டுகிறது. அன்று முழுக்க என்னால் வேறு எதுவும் படிக்க முடியவில்லை. உன் புத்தகத்தில் இதற்கு ஓர் இடம் வேண்டும். உணர்ச்சியை வண்ணத்தால் மிகைப்படுத்திக் காட்டிய எக்ஸ்பிரஷனிசம் பற்றிய இயலில் வண்ணத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போய்விடாதே.

இன்னொன்று, நம் பக்கத்து விஷயம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். ஹாங்காங்கில் உள்ள ஆசிய கலை ஆவணக் காப்பகம் தெற்காசிய நவீனக் கலை பற்றி இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்த எழுத்துகளுக்கு 13 மொழிகளில் ஒரு நூற்பட்டியல் தொகுத்திருக்கிறது. தமிழும் அதில் உண்டு. தமிழில் எழுத முன்மாதிரி இல்லை என்று நீ குறைப்பட்டாயே, முதலில் அதில் போய்ப் பார், யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று.

உனக்கு என் யோசனை இதுதான்: முதல் இரண்டு இயலை அப்படியே வை, இப்போது தொடாதே. மூன்றாவதை நான்கு கேட்டலாக்குகளிலிருந்து தொடங்கு. 1986 கேட்டலாக் உன் நூலகத்தில் இல்லாவிட்டால், நூலகங்களுக்கிடையே இரவல் பெறும் வசதி இருக்கிறதா என்று விசாரி, தேவையான பக்கங்களை நகலெடுத்துத் தருபவர்களும் உண்டு. எதுவும் நடக்காவிட்டால் எனக்கு எழுது, இங்கே முன்னுரையை நகலெடுத்து அனுப்புகிறேன். தாடிக்காரரிடம் மட்டும் இதைச் சொல்லாதே, அவர் நாளைக்கே ஒரு கட்டுரை எழுதிவிடுவார்.

பதில் எழுதும்போது, நிறுத்தப் போகிறேன் என்ற பேச்சு வேண்டாம். ஹில்மாவின் பெயர் ஏன் 2012இல் இல்லை என்று நீ நினைக்கிறாய், அதை எழுது. எனக்கு ஒரு விடை இருக்கிறது, உன்னுடையதைப் படித்தபிறகுதான் சொல்வேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ராஜி